வீடு மாறும்போது பள்ளியும் மாறுகிறது

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் சேர்க்கை மேசையில் உட்கார்ந்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். கையில் டி.சி., ஆதார் நகல், ஒரு பிளாஸ்டிக் கவர். பின்னால் தயங்கி நிற்கும் ஒரு பிள்ளை. "ஊருக்குப் புதுசு டீச்சர். இங்க சேக்கலாமா, இல்ல பிரைவேட்ல சேக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

நம்மிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊர் மாறி வருகிறவர்களுக்கு அந்த ஊரில் உறவினர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் கூடத் தெரியாது. அரசு அலுவலகம் என்று அவர்கள் முதலில் நுழையும் இடம் பெரும்பாலும் பள்ளிதான். நாம் சொல்லும் ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்படி நான் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும்.

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். 2021ஆம் ஆண்டு திருப்பூரில் ஒரு பெரிய அரசு மேல்நிலைப் பள்ளியில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஜூனில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா பனியன் கம்பெனியில் பவர் டேபிள், அம்மா செக்கிங். லைன் வீட்டில் குடியேறி ஒரு வாரம் ஆகியிருந்தது. பெண் எட்டாம் வகுப்பு வரை ஊரில் அரசுப் பள்ளியில் படித்தவள். ஒன்பதாம் வகுப்புக்குச் சேர்க்க வேண்டும். கணக்கில் கெட்டி என்று பழைய பள்ளித் தலைமையாசிரியர் டி.சி.யோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்பியிருந்தார்.

அன்று எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொரு பிரிவிலும் அறுபதுக்கு மேல் இருந்தார்கள். கணித ஆசிரியர் பணியிடம் ஒன்று காலி. காலையிலிருந்து எண்பது சேர்க்கைகளை முடித்த களைப்பு எனக்கு. அந்தப் பெண் மிகவும் அமைதியானவள், கேட்டால்தான் பேசுவாள். இந்தக் கூட்டத்தில் இவள் காணாமல் போய்விடுவாள் என்று நினைத்தேன். "இங்க கூட்டம் அதிகம்மா. உங்க வீட்டுப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி இருக்கு. உங்களால முடிஞ்சா ஒரு வருஷம் அங்க சேர்த்துப் பாருங்க" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த ஆண்டு நூல் விலை ஏறி, ஆர்டர் குறைந்து, ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த கம்பெனிகள் ஒரு ஷிப்டுக்கு வந்தன. கட்டணத்தில் மூன்றாம் தவணை பாக்கி விழுந்தது. 2022 ஜூனில் பத்தாம் வகுப்புக்கு அந்தப் பெண் எங்கள் பள்ளிக்கே திரும்பி வந்தாள். பத்தாம் வகுப்பில் 455, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். காணாமல் போகவில்லை, நான் பயந்ததற்கு மாறாக, பிளஸ் டூவில் வகுப்புத் தலைவியாகவே இருந்தாள்.

2025 ஜூனில் பொறியியல் விண்ணப்பம் போட்டுவிட்டு அம்மாவும் பெண்ணும் என்னைப் பார்க்க வந்தார்கள். "டீச்சர், ஏழரை சதவீதம் இவளுக்குக் கெடையாதாம். ஒம்பதாப்பு பிரைவேட்ல படிச்சிருக்குன்னு சொல்லுதாவ. ஒரு வருசம்தான டீச்சர்?" அந்த அம்மா என்னைக் குற்றம் சொல்லவில்லை. அங்கே சேர்க்கச் சொன்னது நான்தான் என்பது அவருக்கு நினைவிருந்ததா என்று கூடத் தெரியவில்லை. எனக்கு நினைவிருந்தது.

அந்த ஒரு ஆண்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. எனக்கே அது முழுதாகத் தெரியாமல் இருந்தது. நம்மில் பலருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும் என்று ஆசிரியர் அறையில் விசாரித்தபோது தெரிந்துகொண்டேன்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழு ஆண்டுகள், இடைவெளி இல்லாமல். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளி அடங்காது. இங்கேதான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். உதவி பெறும் பள்ளியிலும் கட்டணம் இல்லை, புத்தகம் இலவசம், சத்துணவு உண்டு. ஆகவே அதுவும் அரசுப் பள்ளிதான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஊர் மாறும்போது வீட்டுக்கு அருகில் இருக்கிறதே என்று ஏழாம் வகுப்பில் உதவி பெறும் பள்ளியில் சேர்த்தால், அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

உயர்கல்வி உதவித்தொகையின் கணக்கு வேறு. புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இந்த இரண்டிலும் இப்போது அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. அதாவது உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி என்றால் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும், ஆனால் 7.5 கிடைக்காது. இதைப் பெற்றோரிடம் சொல்லும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். நானே ஒருமுறை குழப்பியிருக்கிறேன்.

என்.எம்.எம்.எஸ். தேர்வை எட்டாம் வகுப்பு ஆசிரியர்கள் எல்லோரும் அறிவோம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எழுதலாம். தேர்ச்சி பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். எட்டாம் வகுப்பு முடிந்து ஊர் மாறும்போது தனியார் பள்ளிக்குப் போனால் அந்தத் தொகை நின்றுவிடும். நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய். மாணவரைப் பயிற்றுவித்து, விடுமுறை நாளிலும் வகுப்பெடுத்து, தேர்ச்சி பெறவைத்த ஆசிரியருக்கே இது தெரியாமல் டி.சி.யில் கையெழுத்தாகிப் போன கதைகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு டி.சி. கேட்டு வருகிறவரிடம், "எந்தப் பள்ளிக்குப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டால் போதும், பாதி விஷயம் அங்கேயே தெளிந்துவிடும்.

இனி இன்னொரு பக்கம். தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடத்தில் படிக்கும் பிள்ளையின் குடும்பம் ஊர் மாறினால் என்ன ஆகும்? புது ஊரில் வேறு தனியார் பள்ளியில் அதே இடம் தொடரும் என்று பலர் நம்பி வருகிறார்கள். தொடராது. அந்த இடங்கள் நுழைவு வகுப்பில் மட்டும்தான் நிரப்பப்படுகின்றன. சட்டத்தின் 5ஆம் பிரிவு பள்ளி மாறும் உரிமையைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த உரிமை அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் மாறுவதற்குத்தான், உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அல்ல. அப்படி வருகிற பெற்றோர் மனம் உடைந்து நிற்பார்கள். அவர்களிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது: எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்ட இடத்தில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாலும் 7.5 விழுக்காட்டுக்குத் தகுதி உண்டு. கட்டணம் கட்டிப் படித்தவர்களுக்கு இது பொருந்தாது.

அதே 5ஆம் பிரிவில் நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. பழைய பள்ளித் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். அது வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. ஒன்று முதல் எட்டு வரை இதுதான் சட்டம். ஆனால் நடைமுறையில் டி.சி. தாளைவிட எமிஸ்தான் பெரிய தடை. பழைய பள்ளி அந்த மாணவரைக் காமன் பூலுக்கு அனுப்பினால்தான் நாம் நம் பள்ளியில் ஏற்ற முடியும். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், வருகைப் பதிவேட்டில் பென்சிலால் பெயர் இருக்கும், எமிஸில் இருக்காது. எமிஸில் இல்லையென்றால் விலையில்லாப் பொருள்கள் எதிலும் கணக்கில் வராது. இதற்கு நான் கண்ட ஒரே வழி, பெற்றோரை மறுபடி ஊருக்கு அலையவிடாமல், நாமே பழைய பள்ளிக்கு ஒரு போன் போடுவது. தலைமையாசிரியர் தலைமையாசிரியரிடம் பேசினால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை இது. சம்பளத்தை விட்டு ஒரு நாள், பேருந்துக் கட்டணம் இரண்டு பேருக்கு என்று ஒரு தொழிலாளிக் குடும்பம் இதற்குச் செலவு செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

தனியார் பள்ளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டண பாக்கி ஒரு பெரும் பயம். பாக்கி இருப்பதை மாற்றுச் சான்றிதழில் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பணத்தை வசூலிக்கப் பள்ளிக்கு வேறு சட்ட வழிகள் உண்டு. பிள்ளையின் சான்றிதழ் அதற்குப் பிணை அல்ல. சேர்க்கை மேசையில் பெற்றோர் இதைப் பற்றித் தாமாகப் பேசமாட்டார்கள், வெட்கம். டி.சி. எப்போது கிடைக்கும் என்று கேட்டால் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்போது புரிந்துகொள்ள வேண்டும்.

சட்டமும் சலுகையும் இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோரையும் "அரசுப் பள்ளியிலேயே சேருங்கள்" என்று அனுப்பிவிட்டால், 2021இல் செய்த தவற்றைத்தான் வேறு திசையில் செய்கிறேன் என்று பொருள். பள்ளி என்பது ஒதுக்கீட்டுக்கான சான்றிதழ் மட்டுமா? பிள்ளை தினமும் எட்டு மணி நேரம் இருக்கப்போகும் இடம் அது.

இதை எனக்கு உணர்த்தியது என் சொந்த வீடு. 2025 ஜூலையில், அந்த அம்மா வந்துபோன சில வாரங்களில், பொது மாறுதல் கலந்தாய்வில் எனக்குத் திண்டுக்கல் மாவட்டத்துக்கு மாறுதல் கிடைத்தது. மாமனாரின் உடல்நிலை, கணவரின் ஊர், இத்தனை ஆண்டுகள் காத்திருந்த மாறுதல். என் மகள் எட்டாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் ஆறிலிருந்து அரசுப் பள்ளி. மூத்தவன் பன்னிரண்டு வரை தனியார். ஆம், அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு மகனைத் தனியாரில் படிக்க வைத்தவள்தான் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பள்ளி 30 கிலோமீட்டர் தள்ளி இருந்தது, மாமியார் வீட்டு வாசலுக்கு வேன் வந்தது, காரணம் அவ்வளவுதான். இதை இந்த இதழில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அறிவுரை சொல்வது மட்டும் நம் வேலை என்று ஆகிவிடும்.

திண்டுக்கல்லில் இரண்டு பள்ளிகள் எங்கள் முன்னால் இருந்தன. ஒன்று வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மெட்ரிக் பள்ளி. எட்டாம் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். மற்றொன்று பேருந்தில் இருபது நிமிடம் போகவேண்டிய பெரிய அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. இரண்டாயிரத்துக்கு மேல் பிள்ளைகள். நான் பணியேற்ற பள்ளியில் ஆண்கள் மட்டும், ஆகவே என்னோடு கூட்டிப்போகும் வாய்ப்பு இல்லை.

தனியார் பள்ளிக்குப் போனபோது வரவேற்பறையில் உட்காரவைத்து, வழவழப்பான தாளில் அச்சிட்ட கையேடு தந்தார்கள். கையேட்டில் இருந்ததை நான் கேட்கவில்லை. "எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர் எத்தனை வருடமாக இருக்கிறார்?" என்று கேட்டேன். இந்த ஆண்டுதான் வந்திருக்கிறார். அவருக்கு முன்பிருந்தவர்? அவரும் ஒரு வருடம். இது அந்தப் பள்ளியின் குறை என்பதைவிட, அந்த ஆசிரியர்கள் வாங்கும் சம்பளத்தின் குறை. அவர்களும் நம்மைப்போல் பி.எட். முடித்தவர்கள்தான். ஆனால் பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் ஆண்டுக்கொரு ஆசிரியர் என்பது ஆண்டுக்கொரு தொடக்கம். கட்டணத்தையும் கேட்டேன். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குழு நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை ஒன்று. வேன், சீருடை, நோட்டு, ஸ்மார்ட் வகுப்பு, ஆண்டு விழா என்று கூட்டினால் வருவது வேறொன்று. ஊர் மாறி வருகிறவர்கள் முதல் தொகையை மட்டும் கேட்டுவிட்டுச் சேர்த்துவிடுகிறார்கள். மூன்றாம் தவணையில் தெரிகிறது.

அரசுப் பள்ளிக்கு நான் முன்கூட்டிச் சொல்லாமல், இடைவேளை நேரத்தில் போனேன். ஒரு பெரிய பள்ளியைப் பற்றி அறிய இடைவேளையின் பத்து நிமிடம் போதும். கழிப்பறை வரிசை மணி அடித்த பிறகும் நீள்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, சின்னப் பிள்ளைகளைப் பெரிய பிள்ளைகள் தள்ளிவிட்டுப் போகிறார்களா, ஆசிரியர் யாராவது வெளியே நிற்கிறார்களா. அங்கே தண்ணீர் வந்தது. வரிசை நீண்டது. உடற்கல்வி ஆசிரியை ஒருவர் விசில் இல்லாமல், பெயர் சொல்லிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாயிரம் பேரில் அவருக்குப் பெயர் தெரிகிறதே என்று பட்டது. எட்டாம் வகுப்புக் கணிதத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் வந்த தற்காலிக ஆசிரியர்தான் இருந்தார். தலைமையாசிரியர் அதை மறைக்கவில்லை. "எப்ப நிரந்தர ஆள் வருவாங்கன்னு எனக்கே தெரியாதும்மா, பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

பெரிய பள்ளியின் பலம் எட்டாம் வகுப்பில் தெரியாது, பதினொன்றில் தெரியும். அங்கே பிளஸ் ஒன்னில் உயிரியல், கணினி அறிவியல், வணிகவியல், தொழிற்கல்வி என்று பல பிரிவுகள் இருந்தன. சிறிய பள்ளியில் இரண்டே பிரிவு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளை என்ன படிக்க விரும்பும் என்பது எட்டாம் வகுப்பில் யாருக்குத் தெரியும்? தெரியாத வரை, பிரிவுகள் அதிகம் உள்ள பள்ளியில் இருப்பது நல்லது. இல்லையென்றால் பிளஸ் ஒன்னுக்கு மறுபடி ஒரு பள்ளி மாற்றம். ஊர் மாறிய பிள்ளையை மூன்று ஆண்டுகளுக்குள் இன்னொரு முறை பிடுங்கி நட வேண்டியிருக்கும்.

பாடத்திட்டம் பற்றிப் பெற்றோர் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். சமச்சீர் கல்வி 2010-11இல் ஒன்று, ஆறு வகுப்புகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் வந்தபின், மெட்ரிக் பள்ளியும் அரசுப் பள்ளியும் படிப்பது ஒரே பாடநூல்தான். மாறுவது பயிற்றுமொழி. தமிழ் வழியில் எட்டு வரை படித்த பிள்ளையை ஊர் மாறும் அதே ஆண்டில் ஆங்கில வழிக்கும் மாற்றுவது, புதிய வீடு, புதிய நண்பர்கள், புதிய மொழி என்று மூன்று சுமையை ஒரே நாளில் தூக்கச் சொல்வது. அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதே என்று இதையும் சிலர் செய்கிறார்கள். அறிவியலில் 'ஒளிச்சேர்க்கை' என்று அழகாக விளக்கிய பையன், ஆங்கிலப் பெயர் தெரியாமல் மூன்று மாதம் வாயே திறக்காமல் இருந்ததை என் வகுப்பிலேயே பார்த்தேன். சி.பி.எஸ்.இ. பள்ளியிலிருந்து வருகிறவர்களின் நிலை வேறு. அங்கே பாடப் பகுதிகளே மாறும். அவர்களுக்கு முதல் பருவத்தில் விடுபட்ட பகுதிகளைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கும் பள்ளிகள் உண்டு. அப்படிப்பட்ட பள்ளியில் ஜூன் மாதம் பத்தாம் வகுப்பில் சேரும் புதுப் பிள்ளைக்கு மற்றவர்கள் திருப்புதல் செய்வதுபோல் தெரியும், தான் மட்டும் மக்கு என்று நினைத்துக்கொள்ளும். பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வு 2025-26 முதல் இல்லை என்றானபின், பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிப்போகும் பழக்கம் மறுபடி வரக்கூடும் என்பது என் கவலை. சேர்க்கும் முன், "இப்போது எந்தப் பாடம் நடக்கிறது?" என்று அந்த வகுப்புப் பிள்ளையிடமே கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

பெற்றோருக்கு நான் தனியார் பள்ளியையே சொல்லும் நேரங்களும் உண்டு. பிளஸ் டூ பாதியில் ஊர் மாறி, பிள்ளை எடுத்த பிரிவு பக்கத்து அரசுப் பள்ளியில் இல்லாதபோது. இரண்டு பேருந்து மாறி இருட்டியபின் வீடு திரும்ப வேண்டிய பெண் பிள்ளைக்கு, வாசலில் பள்ளி இருக்கும்போது. ஏற்கெனவே கட்டணம் கட்டித் தனியாரில் ஆறு, ஏழு, எட்டு படித்து, எந்தச் சலுகைச் சங்கிலியும் இல்லாத பிள்ளை அங்கே நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும்போது. அந்தக் குடும்பத்தின் கட்டணச் சக்தி ஒரு ஆண்டுக்கா, ஐந்து ஆண்டுக்கா என்று மட்டும் கேட்பேன். ஒரு ஆண்டுக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்பேன்.

மகளை அரசுப் பள்ளியில் சேர்த்தோம். முதல் பத்து நாள் அவளிடம் யாரும் பேசவில்லை. வகுப்பில் ஐம்பத்தெட்டு பேர், ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாக இருக்கும் கூட்டங்கள். மதியம் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். இதை அவள் சொல்லவில்லை. டிபன் பாக்ஸ் பாதி சோற்றோடு திரும்பியதால் நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். "பக்கத்துத் தெரு ஸ்கூல்ல முப்பது பேர்தான்ம்மா. ஏம்மா என்னைய இங்க சேர்த்த?" என்றாள். ஏழரை சதவீதத்தைப் பற்றியெல்லாம் பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் அப்போது பேச முடியவில்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் அவளுடைய வகுப்பாசிரியரிடம் போனில் பேசினேன். அவர் ஒரு வேலைதான் செய்தார். அவள் வரும் அதே பேருந்தில் வரும் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார். அறிவியல் செய்முறைப் பதிவேடு அடுக்கும் வேலையை இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தார். அடுத்த வாரம் டிபன் பாக்ஸ் காலியாக வந்தது. அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. காலாண்டுத் தேர்வில் கணக்கில் இருபது மதிப்பெண் குறைந்தாள், நிரந்தரக் கணித ஆசிரியர் இன்னும் வரவில்லை, மாலையில் நானே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். ஆனால் படிக்கட்டில் தனியாகச் சாப்பிடுவது நின்றது.

பெரிய பள்ளியில் பிள்ளை காணாமல் போகும் என்ற என் 2021ஆம் ஆண்டு பயம் பொய்யில்லை. அந்தப் பயத்துக்குப் பதில், பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்புவதில் இல்லை. அதே பேருந்தில் வரும் ஒரு பிள்ளையைத் தேடிப் பக்கத்தில் உட்காரவைப்பதில் இருந்தது. அன்று களைப்பில் எனக்கு அது தோன்றவில்லை.

சங்கரன்கோவில் பெண் பொதுக் கலந்தாய்வில் பொறியியலுக்குப் போகவில்லை. முதல் பட்டதாரி சலுகை போக மீதியைக் கட்ட முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கிறாள். புதுமைப்பெண் தொகையும் அவளுக்கு இல்லை. அதே ஒன்பதாம் வகுப்புதான் காரணம். தீபாவளிக்கு முன்னால் போன் செய்தாள். கணக்கு வாத்தியாராக வேண்டும் என்று சொன்னாள். அந்த ஒன்பதாம் வகுப்பைப் பற்றி நான் பேச்செடுத்தேன். "அது பரவால்ல டீச்சர்" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

இந்தக் கல்வியாண்டு முழுவதும், ஊர் மாறி வந்து என் மேசைக்கு முன்னால் நிற்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பெயர் அல்ல, மதிப்பெண்ணும் அல்ல. "ஆறாவது எங்க படிச்சுது? ஏழாவது?" அதைக் கேட்டு, ஒரு தாளில் வகுப்பு வாரியாக எழுதி, பெற்றோர் கையில் கொடுத்துவிடுகிறேன். பிறகு "எந்த பஸ்ல வருவீங்க?" என்று பிள்ளையிடம் கேட்கிறேன்.